கண்டறிய இயலாமை என்னும் வாக்குறுதி: செயற்கை நுண்ணறிவு எழுத்துக்கருவி விளம்பரங்களில் வாய்மை

செயற்கை நுண்ணறிவு ஆக்கிய பனுவலை மனித எழுத்துப்போல் மாற்றித் தருவதாகவும், அதனை எக்கருவியாலும் கண்டறிய இயலாது எனவும் சில நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. இவ்வாக்குறுதிக்குச் சான்று காட்ட இயலுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 சனவரியில் வெளியிட்ட கண்டறி கருவி, அதன் சொந்தச் சோதனையிலேயே செயற்கைப் பனுவல்களுள் 26 விழுக்காட்டை மட்டுமே சரியாக இனங்கண்டது; மனித எழுத்தில் 9 விழுக்காட்டைத் தவறாகச் சுட்டியது. அவ்வாண்டு சூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. எனவே, ஒரு பனுவல் அகப்படாமைக்குக் கண்டறி கருவியின் குறைபாடும் காரணமாகலாம். அதனை மாற்றுக் கருவியின் திறனாக விற்பது பொருந்தாது. மேலும், இன்று தப்பிய பனுவல் நாளைய கருவியிடம் அகப்படலாம்.

வொர்க்கடோ நிறுவனம் தன் கண்டறி கருவிக்கு 98 விழுக்காடு துல்லியம் உண்டு என விளம்பரப்படுத்தியது. பொதுவகைப் பனுவல்களில் அது 53 விழுக்காடே என 2025இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. சான்றில்லாத் துல்லியத்தை விளம்பரப்படுத்தலாகாது என்னும் இவ்வளவுகோல், கண்டறிதலைத் தவிர்க்கும் கருவிகளுக்கும் பொருந்தும். எக்கருவியின் எப்பதிப்பில், எம்மொழியில், எந்நாளில் சோதிக்கப்பட்டது என்பதை விளம்பரம் கூறுதல் வேண்டும். ஆங்கிலச் சோதனை தமிழ்ப் பனுவலுக்குச் சான்றாகாது.

எனினும், விளம்பரம் வாய்மையுடையதாயினும், ஆக்கியோன் யார் என்பதை மறைக்கும் பயன்பாடு வாய்மையுடையதாகிவிடாது. முன்னதற்கு விற்பவரும் பின்னதற்கு எழுதுபவரும் பொறுப்பாவர்.