ஆமையின் மூச்சைப் பார்க்கக் கற்றுக்கொள்: ஓர் இளம் கால்நடை மருத்துவருக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கிளினிக்குக்கு இப்போது ஆமைகளும் வரத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். அநேகமாக எல்லோரும் "சாப்பிட மாட்டேங்குது டாக்டர்" என்ற ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்தப் புகாருக்குப் பின்னால் மூச்சுக்கோளாறு இருக்கக்கூடும் என்று எப்போதும் சந்தேகப்படு. குறைந்த ஆக்சிஜனிலும் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும் உடல் ஆமைக்கு. அதனால் நோயைக் கடைசிவரை வெளியே காட்டாது. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் ஆமை ஒன்று வந்தால், அது நேற்று நோயில் விழுந்ததல்ல. பல வாரங்களாக உள்ளே முற்றியிருக்கும்.

ஆமையை மேசைமேல் வைத்தவுடன் கையில் எடுக்காதே. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது நுரையீரலிலிருந்து காற்று 'புஸ்' என்று வெளியேறும். அதைக் கேட்டு இளைப்பு என்று குறித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல், அறைக் கதவைச் சாத்து, ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார். ஐந்து, பத்து நிமிடம் போகட்டும். அது தானாகத் தலையை நீட்டி நடக்கட்டும். வெளியே நோயாளிகள் காத்திருந்தாலும் இந்த நேரத்தில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே.

எதைப் பார்ப்பது? ஆமையின் விலா எலும்புகள் ஓட்டோடு ஒட்டியவை, மார்பு விரியாது. நமக்கு இருப்பதுபோன்ற உதரவிதானமும் கிடையாது. வயிற்றுத் தசைகளையும் தோள்களையும் அசைத்துத்தான் காற்றை இழுத்து விடுகிறது. ஆகவே கால்கள் ஓட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் மெல்லிய தோலைப் பார். அது உள்வாங்கி வெளிவரும் அசைவுதான் மூச்சு. சில மூச்சுகள் விட்டு, நீண்ட நேரம் சும்மா இருக்கும். இந்த இடைவெளி இயல்பானது. தொண்டை படபடவென்று துடிப்பதும் பெரும்பாலும் மோப்பம் பிடிப்பதற்காகத்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் முன்கால்கள் பம்பு அடிப்பதுபோல முன்னும் பின்னும் போனால், தலை மேலும் கீழும் ஆடினால், 'கிளிக்' என்றோ விசில் போலவோ சத்தம் வந்தால் கவலைப்படு.

மூக்கை வெளிச்சத்தில் பார். இரண்டு துளைகளும் ஒரே அளவில், உலர்ந்து இருக்கவேண்டும். குமிழி, காய்ந்த வெள்ளைப் பொருக்கு, மூக்கிலிருந்து வாய்வரை வெளுத்த கோடு, இவற்றில் எது இருந்தாலும் குறித்துக்கொள். இப்போதுதான் தண்ணீர் குடித்தது என்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடி பார். முன்கால்களின் உட்பக்கத்தைப் பார்க்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒழுகும் மூக்கை ஆமை அங்கேதான் துடைக்கும், செதில்களுக்கிடையே ஈரமண் ஒட்டியிருக்கும். நீராமை என்றால் அது மிதக்கும் விதத்தைக் கேள். ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தால் அந்தப் பக்க நுரையீரலைச் சந்தேகிக்கலாம். குடலில் வாயு சேர்ந்தாலும் சாயும் என்பதையும் மறக்காதே.

ஆமையால் நம்மைப்போல் இருமிச் சளியைத் தள்ள முடியாது. அதன் சீழும் நீர்த்ததல்ல, பனீர்க் கட்டிபோல இறுகிவிடும். தானாகக் குறைந்துவிடும் என்று காத்திருக்க இடமே இல்லாததற்குக் காரணம் இதுதான்.

நம் ஊரில் இந்த நோய்க்குப் பெரும் காரணம், வளர்ப்பவர்கள் ஆமை என்றாலே தண்ணீர் என்று நினைப்பது. நட்சத்திர ஆமைபோல வறண்ட புதர்க்காட்டில் வாழும் நிலத்து ஆமையை மீன்தொட்டியில் விடுகிறார்கள். குளியலறையின் ஈர டைல்ஸில் வைக்கிறார்கள். இரவில் ஏசி ஓடும் அறையின் தரையில் விட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். உடல் குளிர்ந்தால் ஆமையின் எதிர்ப்புச் சக்தியும் படுத்துவிடும். ஆகவே என்ன தின்கிறது என்று கேட்பதற்கு முன், இரவில் எங்கே தூங்குகிறது, அங்கே எத்தனை டிகிரி என்று கேள். பெரும்பாலும் பதில் தெரியாது. ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தரையோடு வைத்துப் பார்க்கச் சொல்.

மூச்சுத்திணறல் என்றாலே நுரையீரல் நோய் என்று முடிவுகட்டிவிடாதே. ஓட்டுக்குள் இருக்கும் இடம் விரியாது. முட்டை தங்கிவிட்ட பெண் ஆமைக்கும் சிறுநீர்ப்பையில் பெரிய கல் வளர்ந்த ஆமைக்கும் நுரையீரல் நசுங்கும். எக்ஸ்ரே எடுக்கும்போது மேலிருந்து ஒரு படம் போதாது. பக்கவாட்டிலும் முகத்துக்கு நேராகவும் எடு. முகத்துக்கு நேரான படத்தில்தான் இரண்டு நுரையீரலையும் பக்கம் பக்கமாக ஒப்பிட முடியும். படத்துக்காகக்கூட அதை மல்லாக்கப் போடாதே. நுரையீரல் முதுகோட்டை ஒட்டி இருப்பதால், குடலும் கல்லீரலும் அதன்மேல் அழுந்தும். ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது ஓட்டின்மேல் ஈரத்துணி போட்டுக் கேள், உரசும் சத்தம் குறையும். ஒவ்வொரு முறையும் எடையைக் கிராம் கணக்கில் எழுது.

வைத்தியத்தில் முதலாவது சூடு. நட்சத்திர ஆமைக்குப் பகலில் 30 டிகிரியை ஒட்டிய இடம் வேண்டும், இரவிலும் குளிரக்கூடாது. உடல் குளிர்ந்திருந்தால் நீ போடும் ஆன்டிபயாட்டிக்கும் சரியாக வேலை செய்யாது. ஆமையை வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில் உன் கண் பார்க்க வை. வாய் திறந்து மூச்சு வாங்கும் ஆமைக்கு உணவை ஊட்டாதே. நாய்க்குப் போட்டுப் பழகிய ஐவர்மெக்டினை ஆமையின் பக்கமே கொண்டுபோகாதே, அது ஆமையைக் கொன்றுவிடும். கண் வீங்கியிருக்கிறது என்பதற்காக வைட்டமின் ஏ ஊசியையும் அவசரப்பட்டுப் போடாதே. அளவு மீறினால் தோல் உரிந்து ரணமாகும்.

இன்னொன்று. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது முதல் அட்டவணையில் இருக்கிறது. பயந்துகொண்டு துணிப்பையில் மறைத்துக் கொண்டுவருவார்கள். முதலில் உயிரைக் கவனி, திட்டி அனுப்பிவிடாதே, போனால் திரும்பி வரமாட்டார்கள். ஆனால் பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுது. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி என்று முகத்துக்கு நேரே சொல்.

சிலர், "அப்படின்னா காட்டுல விட்டுடறோம்" என்பார்கள். அதைக் கண்டிப்பாகத் தடு. அமெரிக்காவின் மொஹாவி பாலைவன ஆமைகளிடையே மூக்கொழுகல் நோய் பரவியது. 1990இல் அந்த நாட்டு அரசு அவற்றை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தபோது சொன்ன காரணங்களில் இந்த நோயும் ஒன்று. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி அதை உண்டாக்குகிறது என்று 1994இல் நிறுவினார்கள். நோயோடு இருந்த வளர்ப்பு ஆமைகளைப் பாலைவனத்தில் விட்டதும் பரவலுக்குக் காரணமாயிருக்கலாம் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கருதினார்கள். மூக்கு உலர்ந்து, நன்றாகத் தின்று, தேறிவிட்டதாகத் தெரியும் ஆமையின் உடலிலும் அந்தக் கிருமி தங்கியிருக்கலாம். அதனால் குணமான பிறகும் வேறு ஆமைகளோடு சேர்க்க வேண்டாம் என்று சொல். அதைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்த ஆமையை நீயும் தொடாதே.

வாயைத் திறந்தபடி ஒன்று வந்துவிட்டால், சூடான பெட்டியில் வைத்து ஆக்சிஜனைத் திறந்துவிட்டு, உடனே எனக்குப் போன் செய். நடுராத்திரி என்று தயங்காதே.

அன்புடன்,
உன் அக்கா