மினியேச்சர்களுக்கு வீட்டில் வாஷ் தயாரித்தல்

மினியேச்சர் உருவத்தின் மேல் ஓடி, மேடுகளை விட்டுப் பள்ளங்களில் தங்கி, காய்ந்ததும் நிழல்போலத் தெரியும் நீர்த்த வண்ணமே வாஷ். 28 மில்லிமீட்டர் அளவில் செய்த ஒரு போர்வீரன் உருவத்தில் அங்கியின் மடிப்புகளும் சங்கிலிக் கவசத்தின் கண்ணிகளும் தாமாக நிழல் காட்டும் அளவுக்கு ஆழமானவை அல்ல. அந்த நிழலைத் தீட்டுபவர்தான் போட வேண்டும். ஒவ்வொரு கண்ணியையும் தூரிகை நுனியால் தொட்டு இருட்டாக்க யாருக்கும் பொறுமை இராது. வாஷ் அதை ஒரே பூச்சில் முடித்துவிடும்.

கடைகளில் இதற்கென்றே புட்டிகள் கிடைக்கின்றன. பிரிட்டனின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் சிட்டடெல் என்ற பெயரில் விற்கும் நுல்ன் ஆயில், அக்ராக்ஸ் எர்த்ஷேட் ஆகிய இரண்டும் இத்துறையில் எல்லாரும் அறிந்தவை. ஆனால் நிறுவனங்கள் தம் வரிசையை அவ்வப்போது மாற்றும். 2012இல் சிட்டடெல் வண்ணங்கள் மாறியபோது, பலரும் விரும்பிப் பயன்படுத்திய டெவ்லன் மட் என்ற பழுப்பு வாஷ் நின்றுபோனது. பெரிய படை ஒன்றைப் பாதி தீட்டி முடித்தவருக்கு இது சின்ன இழப்பல்ல. கலவையைத் தாமே செய்துகொள்பவருக்கு இந்தக் கவலை இல்லை. செலவும் வெகுவாகக் குறையும்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் அக்ரிலிக் பெயிண்டில் தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிட்டு அதையே வாஷ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அக்ரிலிக் பெயிண்டில் நிறமித் துகளோடு, அதைப் பரப்பில் ஒட்டிவைக்கும் பிசினும் இருக்கிறது. தண்ணீர் மிகுந்தால் பிசின் நீர்த்துப்போகும். துகள்கள் பிடிப்பில்லாமல் படிந்து, விரல் பட்டாலே உதிரும். மேலும், தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை அதிகம் என்பதால் அது பள்ளத்துக்குள் இறங்காமல் மேட்டிலேயே முத்து முத்தாக நிற்கும். அப்படி நின்ற துளி காயும்போது துகள்கள் ஓரத்துக்கு இழுபட்டு, மேசையில் சிந்திய காபி காய்ந்தது போல வளையம் விழும். ஆகவே நல்ல வாஷுக்கு வேண்டியவை மூன்று: நிறம், துகளைப் பிடித்துவைக்கும் மீடியம், இழுவிசையைக் குறைக்கும் பொருள். தண்ணீர் இவற்றைத் தளர்த்துவதற்கு மட்டுமே.

மீடியம் என்பது நிறமி சேர்க்காத அக்ரிலிக் பிசின். ஓவியப் பொருள் கடைகளில் மேட், கிளாஸ் என இரு வகையாகக் கிடைக்கும். மேட் மீடியத்தில் பளபளப்பைக் குறைக்கும் நுண்பொடி கலந்திருக்கும். அதை மட்டும் பயன்படுத்தினால், ஆழமான குழிகளில் தேங்கும் இடத்தில் வெண்மை பூத்தது போலக் காயும். கறுப்பு வாஷில் இது அப்பட்டமாகத் தெரியும். மேட்டோடு கொஞ்சம் கிளாஸ் சேர்த்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். இழுவிசையைக் குறைக்க ஃப்ளோ எய்ட் என்ற திரவம் இருக்கிறது. இதை நேராக ஊற்றக் கூடாது; 1 பங்குக்கு 20 பங்கு தண்ணீர் சேர்த்து, அந்த நீரையே கலவைக்குப் பயன்படுத்த வேண்டும். அளவு மிஞ்சினால் பூச்சு காய்ந்த பிறகும் பிசுபிசுக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டும் இந்த வேலையைச் செய்யும்தான். ஆனால் குலுக்கும்போது நுரைக்கும்; குமிழி உடைந்த இடத்தில் புள்ளி விழும். அவசரத்துக்கு மட்டுமே அது உதவும்.

நிறத்துக்குப் பெயிண்டைவிட அக்ரிலிக் இங்க் மேலானது. அதில் நிறமி மிக நுண்ணியதாக அரைக்கப்பட்டிருப்பதால் படலம் தெளிவாக இருக்கும். கைவினைக்கான மலிவுப் பெயிண்டில் துகள் பருமனாக இருப்பதால் வாஷ் கலங்கலாகத் தெரியும். பேனா மை உதவாது. அதில் பெரும்பாலும் இருப்பது சாயம். ஈரம் பட்டால் மீண்டும் கரைந்து மேல்பூச்சில் ஊறும், வெளிச்சத்தில் வெளிறும்.

கலவையைத் தொடங்க எளிய அளவு ஒன்று உண்டு. 15 மில்லி டிராப்பர் புட்டியில் பாதி மீடியம், பாதி ஃப்ளோ எய்ட் நீர். அதில் 20 சொட்டு இங்க் விட்டுக் குலுக்கி, அடித்தளப் பூச்சு அடித்த பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் தடவிப் பார்க்க வேண்டும். மீடியம் ஈரத்தில் பால்போல இருந்து காய்ந்தபின்தான் தெளியும். அதனால் ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பக் கூடாது. காய்ந்ததும் வெளிறியிருந்தால் ஐந்தைந்து சொட்டாகக் கூட்டலாம். கூட்டுவது எளிது, கூடிப்போனதைச் சரிசெய்யப் புட்டியில் இடம் இருக்காது. எத்தனை சொட்டு என்பதைப் புட்டியின் மேலேயே எழுதிவைத்தால்தான் அடுத்த முறை அதே நிறம் வரும்.

எல்லாவற்றுக்கும் கறுப்பு என்பது சோம்பேறித்தனம். இரும்புக்கும் எஃகுக்கும் அது பொருந்தும். தோலுக்குச் செம்பழுப்பு, தங்கத்துக்கும் எலும்புக்கும் பழுப்பு. மஞ்சளின் மேல் கறுப்பு விழுந்தால் பச்சைச் சாயல் தட்டும் என்பதால் அங்கே ஆரஞ்சு கலந்த பழுப்பே சரி.

பூசும்போது உருவம் முழுவதையும் நனைத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. சங்கிலிக் கவசத்தில் விட்ட வாஷ் கண்ணிகளில் இறங்கி, மிச்சம் இடுப்புப் பட்டைக்கு மேலே குளமாகத் தேங்கும். தண்ணீரில் நனைத்துத் துணியில் ஒற்றிய தூரிகையை அங்கே வைத்தால் உபரியை அது உறிஞ்சிக்கொள்ளும். இதை ஈரம் இருக்கும்போதே செய்ய வேண்டும். பாதி காய்ந்ததைத் தொட்டால் படலம் கிழிந்து அடிப்பூச்சு தெரியும். அடிப்பூச்சு மேட்டாக இருந்தால் வாஷ் பரப்பெங்கும் பிடித்து மொத்த நிறத்தையும் மங்கவைக்கும். கிளாஸ் வார்னிஷ் அடித்திருந்தால் வழுக்கிக்கொண்டு பள்ளத்துக்கே போகும். பழைய தோல் அங்கிக்கு முதலாவதும், பளிச்சென்ற கவசத்துக்கு இரண்டாவதும் ஏற்றவை.

குழாய்த் தண்ணீரில் உப்பும் கிருமியும் உண்டு; நாளாக நாளாகக் கலவை நாற்றமெடுக்கும். பேட்டரிக்கு வாங்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் போதுமானது. புட்டிக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குண்டு ஒன்றைப் போட்டால் அடியில் படிந்தது குலுக்கியதும் கலந்துவிடும். சாதாரண இரும்புக் குண்டு துருவேறி நிறத்தையே மாற்றும். பூசணம் பூத்த புட்டியை வடிகட்டிப் பயன்படுத்த முயல்வதைவிடக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பதே மலிவு.