விடியற்காலைச் சால்மனுக்கு ஏற்ற ஈ

அன்புள்ள தம்பி,

ஸ்காட்லாந்தின் வடகிழக்கே விரைந்தோடும் ஸ்பே ஆற்றில் சால்மன் மீனுக்குத் தூண்டிலிடுவோர் கையாளும் ஈ, தூண்டில் முள்ளின்மேல் இறகு, விலங்கு மயிர், பட்டு நூல், மெல்லிய சரிகை ஆகியவற்றைச் சுற்றிக் கட்டிய போலி இரையாகும். முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றில் ஏறும் சால்மன், நன்னீரை அடைந்தபின் இரை தேடுவதை நிறுத்திவிடுவதால், அன்று ஆற்றின்மேல் பறக்கும் பூச்சியைப் பார்த்து அதே வடிவில் ஈயைத் தேர்வது டிரவுட் மீனுக்குப் பயன்படும் அளவுக்கு இதற்குப் பயன்படாது. பசியில்லாத மீன் ஏன் கவ்வுகிறது என்பதற்குச் சினம், கடலில் வேட்டையாடிய பழக்கம் எனப் பல விளக்கங்கள் கூறப்பட்டாலும், ஈ அதன் கண்ணில் படவேண்டும், அதே வேளையில் அதை மிரட்டிவிடக் கூடாது என்பதே தேர்வுக்கு அடிப்படை.

ஆகவே நிறத்துக்கு முன்னர் அளவு முடிவாகவேண்டும். அதற்கு ஈப்பெட்டியைத் திறக்குமுன் வெப்பமானியை நீரில் இட்டுப் பார்ப்பது நல்லது. வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் பெரிய ஈயை அமிழும் நூலில் கட்டி ஆழத்தில் மெல்லச் செலுத்துவதும், அதற்கு மேலே இருந்தால் சிறிய ஈயை மிதக்கும் நூலில் கட்டி நீர்மட்டத்தை ஒட்டி விடுவதும் நெடுநாள் வழக்கம். முள்ளின் எண் ஏற ஏற அளவு சிறுக்கும் என்பதை நினைவில் கொண்டால், கோடையில் ஆறு வற்றித் தெளிந்திருக்கையில் 10 அல்லது 12ஆம் எண்ணும், நடுத்தர நீரோட்டத்தில் 8ஆம் எண்ணும் பொருந்துவது விளங்கும். பிப்ரவரிக் குளிருக்கு, முள்ளின்மேல் கட்டாமல் நீண்ட குழாயின்மேல் மயிரைக் கட்டிய டியூப் ஈ வேண்டும்.

விடியற்காலை இக்கணக்கைச் சற்று மாற்றுகிறது. கோடையில் நீர் மிகவும் குளிர்ந்திருப்பது அப்பொழுதுதான், இரவில் ஏறிவந்த மீன்கள் மடுவின் கடைப்பகுதியில் இளைப்பாறிக்கொண்டிருக்கும், ஒளியோ மங்கல். ஆதலால் பகலில் இடுவதைவிட ஓர் அளவு பெரிய ஈயோடு தொடங்கி, வெயில் நீரில் விழுந்ததும் சிறியதற்கு மாறுவது தக்கது. மங்கலுக்குப் பளபளப்பே ஏற்றதென்று தொடக்கநிலையினர் கருதுவதுண்டு. ஆனால் மீன் கீழிருந்து வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நோக்குவதால், கறுப்பு உருவே அதற்குத் தெளிவாகத் தெரிகிறது. கறுப்பு மயிர்ச் சிறகும் வெள்ளிச் சரிகை வரியும் கொண்ட ஸ்டோட்ஸ் டெயில் இவ்வேளைக்கு நம்பத்தக்கது. மழைக்குப்பின், மட்கிய தாவரங்கள் படிந்த பீட் நிலத்திலிருந்து வடியும் நீர் தேநீர் நிறம் கொள்ளும்போது, அலஸ்டர் கவன்ஸ் உருவாக்கிய செம்மஞ்சள் நிற அல்லிஸ் ஷ்ரிம்ப் முந்திக்கொள்ளும். ஜார்ஜ் கெல்சன் 1895இல் வெளியிட்ட நூலில் விவரித்த, அயல்நாட்டுப் பறவைகளின் இறகுகளை அடுக்கிய ஈக்கள், மீனின் கண்ணைவிட மனிதரின் கண்ணையே மிகுதியாகக் கவர்ந்தன என்று சொல்லலாம்.

மீன் எழும்பி வந்து கவ்வாமல் திரும்பிவிட்டால் நிறத்தை மாற்ற அவசரப்பட வேண்டியதில்லை. சில நிமிடங்கள் அதை ஆறவிட்டு, அதே ஈயின் ஓர் அளவு சிறியதைக் கட்டி, நூலின் நீளத்தை மாற்றாமல் மீண்டும் அவ்விடத்தின் குறுக்கே செலுத்தவேண்டும்.

அன்புடன்,
அண்ணன்