நாகத்தின் பெயர் பூண்ட மரஞ்செடிகள்

மரஞ்செடிகளின் பெயர்களை ஆராயப்புகின், அவற்றுட் பலவற்றிலே பாம்பின் பெயர் ஒட்டியிருத்தலைக் காண்கின்றோம். உருவொப்புமையால் வந்த பெயரை மருத்துவக் குறிப்பென மயங்குவாரும் உளர். அம்மயக்கத்தால் விளையுங் கேடு சிறிதன்று.

நாகலிங்க மரத்தை முதற்கண் நோக்குவோம். அதன் பூக்கள் அடிமரத்தினின்று தொங்குங் கொம்புகளில் மலர்வன. நடுவே மகரந்தத்தாள்கள் வட்டமாய்ச் சூழ்ந்திருப்ப, அவ்வட்டத்தின் ஒரு புறம் நீண்டு வளைந்து படம்போற் கவிந்து நிற்கும். படத்தின்கீழ் இலிங்கங் கண்டனர் நம் நாட்டார். இம்மலரில் தேன் இல்லை. படத்திலுள்ள மகரந்தமே வண்டுக்கு உணவு. காய்த்தற்கு உதவுவது கீழ்வட்டத்து மகரந்தம். இத்துணைச் சைவமணங் கமழும் பெயருடைய மரத்தின் தாயகமோ அமெரிக்க வெப்பநாடுகள்! கயானாவிற் கண்ட இதனை 1775-இல் ஆப்லே என்னும் பிரெஞ்சு அறிஞர் நூலில் எழுதினார். ஆங்கிலேயர் பூவை விடுத்துக் காயை நோக்கிப் பீரங்கிக் குண்டு மரம் என்றனர். ஆதலின், குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் கூறும் நாகம் இதுவாதல் ஒருவாற்றானும் இயலாது.

படமெடுத்தாற்போன்ற தட்டைத் தண்டுடைய நாகதாளியும் அமெரிக்காவினின்று வந்ததே. சீனத்து மேப்பிள் மரங்கள் சிலவற்றின் பட்டையில் வெண்கோடுகள் ஓடுதலின் மேனாட்டார் அவற்றைப் பாம்புப்பட்டை மேப்பிள் என்பர். அவற்றுளொன்று தாவீது என்னும் பிரெஞ்சுக் குருவின் பெயர் தாங்கியது.

இனிச் சர்ப்பகந்தி. சிறு செடியாகிய இதன் வேர் பாம்புபோல் நெளிந்திருக்கும். பாம்பை ஒத்த வேர் பாம்புக்கடியைத் தீர்க்கும் என்று நெடுங்காலம் நம்பினர். உருவத்தை நோக்கிப் பிழைத்த வரலாறு எண்ணாகமத்தில் உண்டு. அது விசுவாசத்தைப் பற்றியது, மருந்தைப் பற்றியதன்று. இவ்வேரின் மெய்யான ஆற்றல் குருதியழுத்தத்தைத் தாழ்த்துதல். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் இதனை 1949-இல் உலகறிய எழுதினார். 1952-இல் ரெசர்பின் என்னும் மருந்துப்பொருள் இவ்வேரினின்று பிரித்தெடுக்கப்பட்டது. கண்ணாடிவிரியன் நஞ்சாற் குருதியழுத்தம் தாழ்ந்து கிடப்பார்க்கு, அதனை மேலுந் தாழ்த்தும் வேர் எங்ஙனம் உதவும்? நஞ்சை முறிப்பது நச்சுமுறி ஊசியே. நம் நாட்டில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கன் நஞ்சுக்கும் அஃதொன்றே இடப்படுகின்றது. வேரரைத்துக் காலங் கழிப்பார்க்கு அவ்வூசியும் பிந்திவிடுகின்றது.

வேரின்பொருட்டு அடியோடு தோண்டப்பட்டமையாற் சர்ப்பகந்தி காடுகளில் அருகிவிட்டது. 1990 முதல் அதன் அயல்நாட்டு வாணிகம் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.