மூடி திறக்க மறுத்தால்

அன்புத் தங்கச்சிக்கு,

பேராதனையில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்க உனக்கு இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். ரிவர்ஸ்டன் மலைக் காற்றோடு வளர்ந்த பிள்ளைக்குக் கரண்ட் போவது புதிதல்ல. ஆனால் மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் சுற்றும் நேரத்தில் கரண்ட் போனால், வீட்டில் மெழுகுவர்த்தி தேடுகிற அவசரம் அங்கே கூடாது.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்து இலங்கை முழுக்க மின்சாரம் நின்றதே, அப்படி நின்றாலும் குழாய்களைத் தாங்கிச் சுற்றும் ரோட்டர் உடனே நிற்காது. மின்சாரத்தால் இயங்கும் பிரேக்கும் அப்போது உதவாது. பத்து சென்ரிமீற்றர் ஆரமுள்ள ரோட்டர் நிமிடத்துக்கு 4000 தடவை சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அங்கே ஒரு கிராம் எடை ஏறத்தாழ 1.8 கிலோவாக இழுக்கும். எதிரெதிர்க் குழாய்களைத் தராசில் வைத்துச் சமப்படுத்தச் சொல்வது இதனால்தான்.

ஆகவே சர்வதேசத் தரமான ஐஇசி 61010-2-020 மூடியைப் பற்றிக் கறாராகப் பேசுகிறது. விளிம்பின் வேகம் செக்கனுக்கு 2 மீற்றருக்குக் குறையும்வரை மூடி பூட்டியே இருக்க வேண்டும். நான் சொன்ன ரோட்டருக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 190 சுற்று. மின்சாரம் போனாலும் பூட்டு விடக்கூடாது. கருவி ஒன்றின் உதவியோடுதான் திறக்க முடிய வேண்டும். ஓடும்போது இயந்திரத்தைச் சுற்றி 30 சென்ரிமீற்றருக்குள் ஆளும் நிற்கக்கூடாது, ஆபத்தான பொருளும் இருக்கக்கூடாது.

மூடி மட்டும் காப்பாற்றிவிடும் என்றும் நம்பாதே. 1998 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில், பால் மாதிரி சுற்றிக்கொண்டிருந்த அதிவேக இயந்திரத்தின் ரோட்டர் வெடித்தது. அரை அங்குல உருக்கு மூடி வளைந்து, துண்டுகள் சுவரையும் கூரையையும் துளைத்தன. அறையின் ஜன்னல்கள் நொறுங்கின. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அந்த இயந்திரத்துக்குத் தயாரிப்பாளர் அனுமதிக்காத ரோட்டரைப் போட்டதே காரணம்.

பூட்டு தொல்லை தருகிறதென்று அதன் சுவிட்சைக் கம்பியால் இணைத்து ஏமாற்றுகிறவர்களைப் பார்ப்பாய். அப்படிச் செய்த இயந்திரத்தில் நீ கை வைக்காதே, பொறுப்பாளரிடம் சொல். உள்ளே இரத்த மாதிரிக் குழாய் உடைந்த சத்தம் கேட்டால், நிறுத்திவிட்டு முப்பது நிமிடம் மூடியைத் தொடாதே. நுண்துளிகள் படியட்டும்.

வகுப்பு தொடங்கியதும் உங்கள் இயந்திரத்தின் கையேட்டை வாங்கிப் படி. அவசரத் திறப்பு எங்கே இருக்கிறது, ரோட்டர் நின்றதை எந்தக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்