கதை, படக்கதை, தகவல் நூல்: மூன்றையும் கலந்து படிப்போம்!



தலைப்பில் 'படிப்போம்' என்று பார்த்ததும் ஆண்டு மலரின் அடுத்த பக்கத்துக்குத் தாவி விடாதீர்கள். நான் சொல்ல வருவது செமஸ்டர் படிப்பு அல்ல. அரியர், இன்டர்னல் மார்க், ரெக்கார்டு நோட்டு எதுவும் பெரிதாக இதில் வராது. நடுவில் கொஞ்சம் தலை காட்டும், பயப்பட வேண்டாம். காமிக்ஸ், கதைப் புத்தகம், சிறுவர்களுக்கான அறிவு நூல் ஆகிய மூன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

"டிப்ளமோ படிக்கிற வயசுல காமிக்ஸா? உனக்கு இன்னும் மீசை முளைக்கலையா?" என்று கேட்பவர்கள் நம் கல்லூரியில் உண்டு. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பஸ்ஸிலும் உண்டு. நான் கையில் இரும்புக்கை மாயாவியோடு உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் புத்தகத்தை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்ப்பார். கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் அவரே என் தோள் வழியாக எட்டிப் படிக்க ஆரம்பித்திருப்பார் என்பது வேறு விஷயம்!

அவர்களுக்கு என் பதில்தான் இந்தக் கட்டுரை. கதை மட்டும் படித்தாலும் போதாது, தகவல் மட்டும் படித்தாலும் போதாது. ஒரு வகைப் புத்தகம் கிளப்பிவிடும் கேள்விக்கு இன்னொரு வகைப் புத்தகம் பதில் வைத்திருக்கிறது. அதனால் கலந்து படிக்க வேண்டும் என்கிறேன். மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

1. மாயாவிக்குக் கண் தெரியுமா?

இரும்புக்கை மாயாவி நம் அப்பாக்கள் காலத்து ஆள். 1962-இல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வார இதழில் பிறந்தவர். ஸ்பெயின் நாட்டு ஓவியர் யேசுஸ் பிளாஸ்கோ வரைந்த படங்கள். 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'தான். ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்தவருக்கு இரும்புக் கை பொருத்துகிறார்கள். உயர் மின்அழுத்தம் உடம்பில் பாய்ந்தால் அவர் மறைந்து போவார். அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

நான் மின்னியல் மாணவன். படிக்கும்போது எனக்கு இரண்டு சந்தேகம் வந்தது.

முதல் சந்தேகம்: மின்சாரம் பாய்ந்தால் மனிதன் பிழைப்பானா? வீட்டு மெயினில் மாட்டும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே டிரிப் ஆகும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு! அதற்கு மேல் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். லேபில் 'ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்' என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும் மின்சாரம் இதயத்தைத் தாண்டித்தானே போக வேண்டும்! ஆகவே தோழர்களே, சாக்கெட்டில் விரல் வைப்பதை மாயாவியோடு நிறுத்திக்கொள்வோம்.

இரண்டாவது சந்தேகம்தான் சுவையானது. உடம்பு மறைந்துவிட்டால் கண்ணும் மறைந்துவிடுமே, பிறகு அவர் எப்படிப் பார்க்கிறார்? இதற்குப் பதில் யாக்கோவ் பெரெல்மான் எழுதிய 'பொழுதுபோக்குப் பௌதிகம்' நூலில் இருக்கிறது. 1913-இல் ரஷ்ய மொழியில் முதலில் வந்த நூல். பின்னாளில் தமிழிலும் கிடைத்தது. எச்.ஜி. வெல்ஸ் 1897-இல் எழுதிய கண்ணுக்குத் தெரியாத மனிதன் கதையை எடுத்து வைத்துக்கொண்டு பெரெல்மான் விளக்குகிறார். ஒளி எதிலும் வளையாமல், எதிலும் தங்காமல் ஊடுருவிப் போனால்தான் ஒரு பொருள் மறையும். ஆனால் பார்ப்பதற்கோ, கண்ணின் லென்ஸ் ஒளியை வளைக்க வேண்டும், விழித்திரை அதைப் பிடித்து வைக்க வேண்டும். ஆக, முழுக்க மறைந்த மனிதன் முழுக் குருடன்!

இதை நாமே சோதித்துப் பார்க்கலாம். லேபில் இருக்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் குச்சியைக் கிளிசரினில் விட்டுப் பாருங்கள். மூழ்கிய பாகம் காணாமல் போகும். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஏறக்குறைய 1.47. வித்தியாசம் இல்லாததால் ஒளி வளைவதில்லை. வளையாததால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாடப் புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்த 'ஒளிவிலகல் எண்' என்ற சொல்லுக்கு, மாயாவியின் தயவால் அர்த்தம் கிடைத்தது.

2. பீரங்கியில் சந்திரனுக்குப் போன மூவர்

என் அறை நண்பன் ஒருவன் மெக்கானிக்கல். பத்தாவது வரை தமிழ் வழி. முதலாண்டில் ஆங்கிலப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலே அவனுக்குத் தலை சுற்றும். இன்டர்னல் தேர்வில் இரண்டு முறை சறுக்கியதும், "மச்சான், டி.சி.யை வாங்கிட்டு திருப்பூருக்கு வேலைக்குப் போயிடறேன்டா" என்று பெட்டியே கட்டிவிட்டான். நம்மில் பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம், சிலர் தாண்டாமலே போய்விட்டார்கள். அவர்கள் உட்கார்ந்த பெஞ்சுகள் நம் வகுப்பில் இன்னும் காலியாக இருக்கின்றன.

அவன் பிரச்சினை மூளை அல்ல, 'ஆக்சிலரேஷன்' என்ற சொல் அவனுக்கு வெறும் சத்தமாக இருந்ததுதான். ஜூல்ஸ் வெர்ன் 1865-இல் எழுதிய சந்திரப் பயணக் கதையின் தமிழ்ச் சுருக்கம் ஒன்று என்னிடம் இருந்தது. 900 அடி நீளப் பீரங்கியைத் தரையில் செங்குத்தாகப் புதைத்து, குண்டுக்குள் மூன்று பேரை வைத்துச் சந்திரனை நோக்கிச் சுடுவார்கள். ஒரே ராத்திரியில் படித்து முடித்தான். காலையில் எழுந்ததும், "ஏன்டா, உள்ள இருக்கறவன் நசுங்கிட மாட்டானா?" என்று கேட்டான்.

பெரெல்மான் இதற்கும் கணக்குப் போட்டிருக்கிறார். அவர் வழியிலேயே நாங்களும் போட்டோம். வெடிமருந்து அடைத்த 200 அடி போக மிச்சம் 700 அடி, அதாவது சுமார் 213 மீட்டர். அதற்குள் குண்டு நொடிக்கு 11,000 மீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் முடுக்கம் வந்துவிடும். நொடிக்கு நொடி 2,84,000 மீட்டர் வேகம் கூடுகிறது! பூமியின் ஈர்ப்பைப் போல 29,000 மடங்கு. 60 கிலோ எடையுள்ள மனிதன் அந்தக் கணத்தில் 1,740 டன் கனப்பான். பத்து டன் லாரிகள் 174-ஐ அவன் தலையில் ஏற்றி வைத்த மாதிரி.

"அப்ப ஆக்சிலரேஷன்னா இதுதானா!" என்றான் அவன். அந்த ஒரு வார்த்தையோடு பெட்டியும் அவிழ்ந்தது. கதைப் புத்தகம் படித்துத்தான் பாஸ் ஆனான் என்று நான் கதை விட மாட்டேன். ராத்திரி பகலாக உழைத்தான், ஆசிரியர்கள் உதவினார்கள். ஆனால் பாடப் புத்தகத்தைப் பயமில்லாமல் திறக்கும் தைரியத்தைக் கொடுத்தது அந்தச் சின்னப் புத்தகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை சிரிப்பும் சுவையுமாக எழுதிய பெரெல்மான், 1942-இல் லெனின்கிராட் நகரம் முற்றுகையில் கிடந்தபோது பட்டினியால் இறந்தார். சிறுவர் நூல் எழுதுவது விளையாட்டு வேலை என்று நினைப்பவர்கள் அவர் வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

3. செஞ்சியும் திருவக்கரையும்

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம்ம ஊருக்கே வருவோம். தேசிங்கு ராஜன் கதை தெரியாதவர் நம் பக்கத்தில் உண்டா? நீலவேணிக் குதிரையும் உயிர் நண்பன் மோவுத்துக்காரனும் தெருக்கூத்திலும் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். கதையைப் படித்துவிட்டு வரலாற்றைப் புரட்டினால் ஆச்சரியம் காத்திருக்கிறது. தேஜ் சிங் என்ற அந்த இளைஞன் செஞ்சியை ஆண்டது சில மாதங்களே. 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்தான். அதற்கு முன்பு மொகலாயர் இதே கோட்டையைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டார்கள்.

எட்டு வருடம் உள்ளே இருந்தவர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? இது சிவில் மாணவர்களுக்கான கேள்வி! செஞ்சிக்குப் போனால் சக்கரக்குளம், செட்டிக்குளம், மலை மேலுள்ள சுனைகள், கல்யாண மகாலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மண்குழாய் எல்லாவற்றையும் பாருங்கள். சுமார் 800 அடி உயர ராஜகிரியில் மூச்சு வாங்க ஏறும்போது, அந்தக் கல்லையெல்லாம் மேலே ஏற்றியவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியப் படைத்தளங்கள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

இன்னொரு பக்கம் திருவக்கரை. வக்கிரகாளி கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவுக்கு எத்தனை பேர் போயிருக்கிறோம்? சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. மணலில் புதைந்த மரத்துக்குக் காற்று படாததால் அது சீக்கிரம் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து இறுகியது. மரம் போய்விட்டது, அதன் அச்சு நின்றது. வளர்ச்சி வளையங்களைக்கூட எண்ணலாம். வேரும் கிளையும் ஒட்டியில்லாததால், ஆற்று வெள்ளம் எங்கிருந்தோ அடித்து வந்த மரங்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஃபாசில் பற்றிச் சிறுவர் நூல் ஒன்றைப் படித்துவிட்டுப் போனால் கல் பேசும். படிக்காமல் போனால் கல் கல்லாகவே கிடக்கும்.

4. நமக்காக எழுதியவர்கள்

மூன்று வகையையும் ஒரே மனிதர் எழுத முடியுமா? வாண்டுமாமா எழுதினார். 1925-இல் பிறந்து 2014-இல் மறைந்த அவர் சிறுவர் நாவலும் எழுதினார், 'ஓநாய்க்கோட்டை' போன்ற படக்கதையும் எழுதினார், 'தோன்றியது எப்படி?' என்று பொருள்கள் பிறந்த கதையையும் எழுதினார். அவர் ஆசிரியராக இருந்த 'பூந்தளிர்' இதழில் இம்மூன்றும் கலந்தே வந்தன.

பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசு கொடுக்காமலே படிக்கலாம்.

வருத்தமான செய்தியும் உண்டு. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா இன்று வருவதில்லை. பூந்தளிர் எப்போதோ நின்றது. 1984-இல் பிறந்த ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுவிட்டது. முத்து காமிக்ஸும், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸும்தான் சிவகாசியிலிருந்து தாக்குப்பிடித்து வருகின்றன. வாங்கிப் படிக்க ஆள் இல்லாவிட்டால் எந்தப் புத்தகமும் நிலைக்காது.

5. எப்படிக் கலப்பது?

நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. விருப்பமானவர்கள் முயன்று பாருங்கள்.

அ) மாதம் மூன்று புத்தகம். ஒரு கதை, ஒரு காமிக்ஸ், ஒரு தகவல் நூல். மூன்றும் சின்னதாகவே இருக்கட்டும்.

ஆ) கதையிலோ காமிக்ஸிலோ 'இது நடக்குமா?' என்று தோன்றும் ஒரு இடத்தை நோட்டில் எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு கேள்வி போதும்.

இ) அந்தக் கேள்விக்குப் பதில் தேடித் தகவல் நூலுக்குப் போங்கள். தமிழில் புரிந்துகொண்ட பிறகு நம் பாடப் புத்தகத்தில் அதே பாடத்தைத் திறங்கள். ஆங்கிலம் பாதி இறங்கிவிடும்.

ஈ) நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி நம் வீட்டார் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். ஆகவே அது நம் பணம். விழுப்புரம் மாவட்ட மைய நூலகமோ திண்டிவனம் கிளை நூலகமோ, சிறுவர் பகுதி அலமாரிக்கு வெட்கப்படாமல் போங்கள். சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகனுக்கும் உரிய நூல் உண்டு என்பதும் ஒன்று. அதில் வயது வரம்பு எதுவும் இல்லை!

உ) படித்ததைப் பக்கத்து பெஞ்சுக்குக் கொடுங்கள். முக்கியமாக, பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் நண்பனுக்குக் கொடுங்கள்.

தோழர்களே, நாளைக்கு நாம் லைன்மேனாகவோ சூப்பர்வைசராகவோ சொந்தப் பட்டறை வைத்தவராகவோ இருப்போம். மெஷின் நின்றுபோன ராத்திரியில் எந்த ஃபார்முலாவும் தானாக வந்து நிற்காது. 'இது ஏன் இப்படி?' என்று கேட்கும் பழக்கம்தான் கை கொடுக்கும். அந்தப் பழக்கத்தை நமக்குச் சிரிக்கச் சிரிக்கக் கற்றுத் தருபவை இந்தச் சின்னப் புத்தகங்கள். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பையில் ஒன்றாவது இருக்கட்டும். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் அவருக்கும் கொஞ்சம் நகர்த்திப் பிடியுங்கள்!