கரடித் தடம் படிப்போம்

கோத்தகிரிச் சரிவில் எனக்கு மூணு ஏக்கர். காப்பி, மிளகு, நடுவே பலா. இரண்டு வருடம் முன்பு ஆனி மாதம், விடியுமுன் போனேன். பலா மரத்தடியில் தாய்க்கரடி, முதுகில் குட்டி. இருபது அடி தூரம்தான். ஒருதரம் உறுமியது. நான் மெதுவாகப் பின்வாங்கினேன். அதுவும் ஓடைப் பக்கம் இறங்கிப் போச்சு.

பக்கத்துத் தோட்டத்துக்காரர், "கம்பியில கரண்ட் விடுங்கண்ணே, ஒரே ராத்திரியில முடிஞ்சிரும்" என்றார். பயத்தில் நானும் இரண்டு நாள் யோசித்தேன். ஆனா அந்தக் கம்பி ஆளையும் மாட்டையும் பார்க்காது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கரடி முதல் அட்டவணையில் இருக்கு. கம்பி வாங்கவில்லை, ஒரு நோட்டு வாங்கினேன். எந்த இடம், என்ன தடயம், அப்போ என்ன பழுத்திருந்தது என்று தினமும் எழுதினேன்.

தடம்: கரடிக்கு ஐந்து விரல்; விரலுக்கு முன்னால் தள்ளி நீள நகக்குறி விழும். சிறுத்தைக்கு நாலு விரல்தான், நடக்கும்போது நகம் பதியாது. பன்றி, கடமான், காட்டெருமைக்குப் பிளவுக் குளம்பு.

குழி: கறையான் புற்றை நகத்தால் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளி, உறிஞ்சித் தின்னும். மேல்வரிசை நடுப்பல் இரண்டு இல்லாததால் அந்தச் சந்தில் உறிஞ்சுவது சுலபம்.

எச்சம்: குச்சியால் கிளறிப் பாருங்க. கறையான் தலை, நாவல் கொட்டை, உண்ணிச்செடி விதை என்று அந்தப் பருவத்துச் சாப்பாடு தெரியும். காட்டில் நாவல் விதைப்பவரும் இவர்தான்.

ஒரு வருட நோட்டைப் புரட்டினப்போ விஷயம் விளங்கியது. மற்ற மாதங்களில் தடம் ஓடைக்கரையோடு சரி. தோட்டத்துக்குள் வந்ததெல்லாம் பலா பழுத்த வாரங்களில்தான்.

அதனால் இப்போ செய்வது:

- பலாவை முற்றியதும் காயாகவே இறக்கிவிடுகிறேன். விழுந்த பழம் அன்றே மாட்டுக்கு.
- சமையல் கழிவைத் திறந்த குழியில் போடுவதில்லை.
- நடைபாதை ஓரப் புதரை வெட்டியாச்சு.
- இருட்டில் தனியாகப் போவதில்லை. பகலிலும் பேசிக்கொண்டே போவோம். கரடிக்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. திடீரென்று எதிர்ப்பட்டால்தான் பெரும்பாலும் பாயும்.

தடத்தைப் படியுங்க, கரடியைத் தேடிப் பின்னால் போகாதீங்க.

காயாக விற்றதில் காசு கொஞ்சம் குறைவுதான். ஆனா இந்த ஆனியில் தோட்டத்துக்குள் தடம் இரண்டே தடவை. கம்பி சொன்ன அந்த அண்ணனும் இப்போ பலாவைக் காயாக இறக்குகிறார்.